சபையில் பேச இடம் கிடைக்காத மாணவர்: லேசர் காலத்துக் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. மார்க்கெட், கடை, சமையல் வேலையெல்லாம் முடிந்தபிறகு நிதானமாக வாசியுங்கள். அறிவியல் கதைதான். பயப்பட வேண்டாம், கணக்கு எதுவும் வராது.

சபை என்ற சொல் நம்ம பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் சித்திர சபை குற்றாலத்தில் இருக்கிறது. தாமிர சபை திருநெல்வேலியில். இலக்கியத்துக்கும் இங்கே சபை உண்டு. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டியைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிறகு அவர் குற்றாலத்தில் இருந்தபோது ராஜாஜியும் கல்கியும் தேடிவந்து உட்கார்ந்து கவிதை பேசினார்கள். நாலு பேர் கூடிப் பேசினால் அதிலிருந்து ஒன்று பிறக்கும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்.

அறிவியலிலும் அப்படித்தான். ஆராய்ச்சி என்றால் ஒருவர் தனியறையில் உட்கார்ந்து யோசிப்பது என்று நினைக்கிறோம். பாதி வேலை அப்படி நடக்கும். மீதிப் பாதி கூட்டங்களில் நடக்கும். ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்து வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார். லேசர் ஒளியும், அதோடு சேர்ந்து வளர்ந்த குவாண்டம் ஒளியியல் என்ற படிப்பும் அப்படிக் கூட்டங்களில் வளர்ந்தவை. அந்தக் கதையில் நம் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் நீலகிரியில் பிறந்தவர். மற்றவர் தாம்பரத்தில் படித்தவர்.

*1. அருவங்காட்டில் பிறந்தவர்*

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அதை நிர்வகித்த ராணுவ அதிகாரிக்கு 1916-ல் ஒரு மகன் பிறந்தார். பெயர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். இங்கிலாந்தில் படித்து, இரண்டாம் உலகப் போரில் ரேடார் வேலை பார்த்து, பிறகு வானியலுக்கு வந்தார். அவருடைய கூட்டாளி ரிச்சர்ட் ட்விஸ் பிறந்ததும் இந்தியாவில்தான், சிம்லாவில்.

நட்சத்திரத்தின் அகலத்தை அளக்க வேண்டும் என்பது இவர்கள் ஆசை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் நட்சத்திரம் புள்ளியாகத்தான் தெரியும். இவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ராணுவம் கழித்துப்போட்ட தேடுவிளக்குகளின் பெரிய கண்ணாடிகள் இரண்டை எடுத்து, இங்கிலாந்தில் ஜோட்ரல் பேங்க் என்ற இடத்தில் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இரண்டையும் சிரியஸ் நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினார்கள். மார்கழி இரவில் திருவாதிரைக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று தெரியுமே, அதுதான் சிரியஸ். இரண்டு கண்ணாடியிலும் விழும் ஒளியின் ஏற்ற இறக்கம் எந்த அளவுக்கு ஒன்றுபோல் இருக்கிறது என்று ஒப்பிட்டு, அதிலிருந்து நட்சத்திரத்தின் கோண அகலத்தைக் கணக்கிட்டு 1956-ல் வெளியிட்டார்கள். அது எவ்வளவு சிறியது தெரியுமா? பாவூர்சத்திரத்தில் நின்றுகொண்டு, சென்னைக்கும் அப்பால் இருக்கும் பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தை அளப்பது போல.

அதே 1956-ல் பாதரச விளக்கை வைத்து ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்து காட்டினார்கள். இயற்பியல் உலகமே சண்டைக்கு வந்தது. ஒளி, போட்டான் என்ற துகள்களாக வருகிறது என்பது அப்போதே ஏற்கப்பட்ட உண்மை. அப்படியானால் இங்கே விழுகிற துகளுக்கும் அங்கே விழுகிற துகளுக்கும் எப்படி ஒட்டுறவு இருக்க முடியும்? நடக்காத காரியம் என்றார்கள் பலர். ஹங்கேரியிலும் கனடாவிலும் செய்து பார்த்தவர்கள் தங்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினார்கள். அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற பர்செல் மட்டும், இது சரிதான், குவாண்டம் விதிப்படியே வரவேண்டியதுதான் என்று விளக்கினார். மற்றவர்களின் கருவிகளுக்கு அந்த நுணுக்கத்தைக் காட்டும் திறன் போதவில்லை என்பதும் தெளிவாயிற்று.

விஷயம் இதுதான். விளக்கு, நட்சத்திரம் போன்ற சாதாரண ஒளியில் போட்டான்கள் சீராக வருவதில்லை. நம்ம ஊர் ஸ்டாப்பில் தென்காசி பஸ் வருவது மாதிரி வரும். அரை மணி நேரம் ஒன்றும் இருக்காது, பிறகு மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கூட்டங்கூட்டமாக வரும் இந்தக் குணத்தைத்தான் அருவங்காட்டில் பிறந்தவர் ஒளியில் கண்டார். குவாண்டம் ஒளியியல் என்ற படிப்பு இந்தச் சண்டையில்தான் தொடங்கியது என்று அந்தத் துறையினரே சொல்வார்கள்.

*2. நிபுணர் சொன்னதும், கேட்டவர் செய்ததும்*

இப்போது லேசருக்கு வருவோம். சாதாரண விளக்கொளி சந்தை இரைச்சல் மாதிரி. நம்ம காய்கறி மார்க்கெட்டில் காலையில் ஏலம் நடக்கும்போது ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்குச் சத்தம் போடுவார்கள் இல்லையா, அதுபோல ஒவ்வொரு அணுவும் தன் போக்கில் ஒளியை விடும். லேசர் ஒளி கும்மி மாதிரி. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் தட்டும். இந்த ஒத்திசைவுதான் லேசரின் சிறப்பு.

இப்படி ஒரு கருவி செய்ய முடியும் என்று சார்லஸ் டவுன்ஸ், ஆர்தர் ஷாலோ என்ற இருவர் 1958-ல் கட்டுரை எழுதினார்கள். 1959 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஷவாங்கா லாட்ஜ் என்ற விடுதியில் இதற்காகவே ஒரு மாநாடு கூடியது. அதில் ஷாலோ, சிவப்புக் கல்லான ரூபியை வைத்து அவர்கள் யோசித்துவந்த முறையில் லேசர் செய்வது சரிப்படாது என்ற கருத்தைச் சொன்னார். பெரிய நிபுணர் சொன்னது. ரூபி உள்வாங்கும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும் என்ற ஓர் அளவீடும் அப்போது புழக்கத்தில் இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தியோடர் மைமன் ஒருவர். அவர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தாமே அளந்தார். ஒரு பங்கு இல்லை, கிட்டத்தட்ட எழுபத்தைந்து பங்கு வந்தது. அந்த நம்பிக்கையில் ரூபியையே பிடித்துக்கொண்டார். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் உலகின் முதல் லேசர் ஒளிர்ந்தது. அவர் அனுப்பிய கட்டுரையை அமெரிக்காவின் பெரிய பத்திரிகை திருப்பி அனுப்பியது. அதன்பின் இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகை ஆகஸ்டில் வெளியிட்டது.

பிள்ளைகளே, வகுப்பில் நான் எத்தனையோ முறை சொன்னது நினைவிருக்கும்: புத்தகத்தில் இருப்பதை மதி, ஆனால் ஸ்கேலை எடுத்து நீயும் ஒரு முறை அளந்து பார்.

*3. தாம்பரத்திலிருந்து ரோசெஸ்டருக்கு*

அடுத்தவர்தான் இந்தப் பதிவின் நாயகர். எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன். பிறந்தது 1931-ல், கேரளத்தில் கோட்டயம் பக்கம் பள்ளம் என்ற ஊரில். செங்கோட்டை தாண்டினால் வருகிற நாடுதான், நமக்கு அன்னியமில்லை. கோட்டயத்தில் படித்துவிட்டுத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை. பம்பாயில் ஹோமி பாபாவின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சில ஆண்டுகள் இருந்தார். அங்கிருந்து அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு, ராபர்ட் மார்ஷக் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராகப் போனார்.

அணுக்கருவுக்குள் நடக்கும் ஒருவகைச் சிதைவை ஆளும் விதி என்ன என்பது அந்தக் காலத்தின் பெரும் புதிர். கையில் இருந்த சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சுதர்சன் எல்லாவற்றையும் அலசி, விதி இன்ன வடிவில்தான் இருக்க முடியும், அதற்கு ஒத்துவராத நாலு சோதனைகள் தவறாக இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். இருபத்தைந்து வயதுப் பையன், பெரிய ஆய்வுக்கூடங்களின் முடிவுகளைத் தவறு என்கிறான். எவ்வளவு துணிச்சல்! இதை 'வி மைனஸ் ஏ' கோட்பாடு என்பார்கள்.

1957 ஏப்ரலில் ரோசெஸ்டரிலேயே உலகப் புகழ்பெற்ற மாநாடு கூடியது. அந்த மாநாட்டுத் தொடரைத் தொடங்கியவரே மார்ஷக்தான். ஆனால் சுதர்சன் இன்னும் மாணவர் என்பதால் அவருக்குப் பேச இடம் தரப்படவில்லை. மார்ஷக் தாம் வேறு பொருளில் பேசினார். இன்னொருவர் மூலம் சொல்லவைக்கலாம் என்று இருந்த ஏற்பாடும் நடக்கவில்லை. அறையில் துறையின் பெரியவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். விடையும் அந்த ஊரிலேயே இருந்தது. விடை மட்டும் வாய்திறக்கவில்லை.

செப்டம்பரில் இத்தாலியில் நடந்த மாநாட்டில்தான் அது சபையேறியது. அதற்குள் ஃபைன்மனும் கெல்-மானும் அதே விதியைத் தங்கள் கட்டுரையாக எழுதி அனுப்பிவிட்டார்கள். பத்திரிகையில் அவர்கள் கட்டுரை முந்தியது. உலகம் நெடுங்காலம் அவர்கள் பெயரையே சொன்னது. ஃபைன்மன் பின்னாளில், அதைக் கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷக்கும்தான் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒரு கூட்டத்தில் கால் மணி நேரம் பேச இடம் கிடைத்திருந்தால் அந்த ஒப்புதலுக்கே தேவை இருந்திருக்காது.

*4. குழம்புப்பொடிக் கணக்கு*

அதே ரோசெஸ்டரில் 1960 ஜூன் மாதக் கடைசியில் இன்னொரு மாநாடு கூடியது. பொருள், ஒளியின் ஒத்திசைவு. முதல் லேசர் ஒளிர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டதே ஜூலையில்தான்! எமில் வுல்ஃப் என்ற ஒளியியல் அறிஞர் இருந்ததால் அந்த ஊர் இந்தப் படிப்புக்கு மையமாயிற்று. 1966, 1972, 1977 என்று அந்த மாநாட்டுத் தொடர் பின்னரும் தொடர்ந்தது.

லேசர் வந்ததும் பழைய கேள்வி புதிதாக எழுந்தது. ஹான்பரி பிரவுன் பார்த்த நட்சத்திர ஒளிக்கும் இந்த லேசர் ஒளிக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? ஒளியை அலையாகக் கருதும் பழைய கணக்கு போதுமா, குவாண்டம் கணக்கு வேண்டுமா? 1963 பிப்ரவரியில் ஹார்வர்டின் ராய் கிளாபர், பழைய கணக்கு போதாது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பாரிசில் நடந்த குவாண்டம் மின்னணுவியல் மாநாட்டிலும் இதைப் பேசினார். ஒளியின் ஒத்திசைவுக்கு முழுமையான குவாண்டம் இலக்கணம் வகுத்த பெருமை அவருக்கு உண்டு. அதை யாரும் குறைக்க முடியாது.

1963 ஏப்ரலில் சுதர்சனின் கட்டுரை வந்தது. அவர் என்ன சொன்னார் என்பதை நம் வீட்டு வழியில் சொல்கிறேன். குழம்புப்பொடி திரிக்கிறீர்கள். மல்லி இத்தனை பங்கு, வத்தல் இத்தனை பங்கு, மிளகு இத்தனை பங்கு. எந்த வீட்டுப் பொடியையும் இப்படிப் பங்கு போட்டு எழுதிவிடலாம். அதுபோல எந்த ஒளியாக இருந்தாலும் சரி, மெழுகுவர்த்தி, டியூப்லைட், லேசர் எதுவானாலும், லேசர் போன்ற சீரான அடிப்படை நிலைகள் எத்தனை பங்கு கலந்தது என்று எழுதிவிடலாம் என்று சுதர்சன் நிறுவினார். பழைய அலைக் கணக்கையும் குவாண்டம் கணக்கையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்கும் வழி அது.

வேடிக்கை எங்கே என்றால், சில ஒளிகளுக்கு இந்தப் பங்கு கழித்தல் குறியில் வரும். கழித்தல் அரைப் பங்கு வத்தல் போட்டு யாராவது பொடி திரிக்க முடியுமா? எந்த மில்லிலும் முடியாது. பங்கு அப்படி வந்தால், அந்த ஒளி பழைய அலைக் கணக்குக்குள் அடங்கவே அடங்காத, முழுக்க முழுக்கக் குவாண்டம் ஒளி என்று பொருள். அப்படி ஓர் ஒளியை 1977-ல் ரோசெஸ்டரிலேயே மேண்டல் குழுவினர் சோடியம் அணுக்களிலிருந்து பெற்றுக் காட்டினார்கள். அதில் போட்டான்கள் நம்ம ஊர் பஸ் மாதிரி கூட்டமாக வரவில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் போவது மாதிரி, ஒன்று போனபின் இடைவெளி விட்டுத்தான் அடுத்தது வந்தது. இன்று ஒற்றைப் போட்டானை வைத்து ரகசியச் செய்தி அனுப்பும் ஆராய்ச்சிக்கெல்லாம் இதுவே அடிப்படை.

சுதர்சன் எழுதிய முறையை இன்று பாடநூல்களில் கிளாபர்–சுதர்சன் முறை என்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். 2005-ல் நோபல் பரிசில் பாதி கிளாபருக்கும், மீதிப் பாதி ஹால், ஹென்ஷ் என்ற லேசர் அறிஞர்கள் இருவருக்கும் போயிற்று. சுதர்சனுக்கு இல்லை. தம் பங்கு விடுபட்டதைச் சுட்டிக்காட்டி அவர் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பரிசு மாறவில்லை. இந்திய அரசு 2007-ல் பத்ம விபூஷண் தந்தது. 2018 மே மாதம் அமெரிக்காவில் காலமானார்.

கிளாபருக்குக் கிடைத்தது தவறு என்று நான் சொல்லவரவில்லை. அவர் தகுதியானவர்தான். ஆனால் ஒரே மனிதருக்கு 1957-லும் 2005-லும் இரண்டு முறை கதவு வாசலில் அடைத்ததைப் படிக்கும்போது மனசு கனக்கிறது.

*5. மயிலாப்பூர் வீட்டு மாடியும் தரமணியும்*

இந்தக் கதையில் ஆறுதலான பக்கமும் உண்டு. சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற பேராசிரியர், மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த தம் 'ஏகாம்ர நிவாஸ்' வீட்டிலேயே இளம் மாணவர்களைக் கூட்டி இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். டி.கே.சி.யின் வட்டத்தொட்டி மாதிரியேதான். வெளிநாட்டு அறிஞர்கள் வந்தால் அந்த வீட்டில் பேசுவார்கள், மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். 1960 ஜனவரியில் நீல்ஸ் போரே அந்த வீட்டுக்கு வந்தார். அணுவின் அமைப்பைச் சொன்ன அதே போர்தான். இந்தச் சிறு குழு அவரை மிகவும் கவர்ந்தது. அவர் பாராட்டியது நேருவின் காதுக்கு எட்டியது. அப்போது மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் முயற்சி எடுத்தார். 1962 ஜனவரி 3 அன்று சென்னை மாநிலக் கல்லூரியில் நடந்த விழாவில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் விண்மீன் அறிஞர் எஸ். சந்திரசேகர்.

வீட்டு மாடிக் கூட்டம் நாட்டின் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. இன்று தரமணியில் இருக்கிறது. 1984-ல் அதன் இயக்குநராக வந்தவர் யார் தெரியுமா? சுதர்சன்! அவரோடு சேர்ந்து உழைத்த நம் நாட்டு அறிஞர்கள் முகுந்தா, ஆர். சைமன் போன்றோர் ஒளியியலில் உலகம் மதிக்கும் வேலை செய்தார்கள். குவாண்டம் பிணைப்பைச் சோதிக்க 2000-ல் சைமன் தந்த ஒரு விதி, அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. அவர் பணிபுரிந்ததும் அந்தத் தரமணி நிறுவனத்தில்தான். பேச இடம் கிடைக்காத மாணவர், பிற்காலத்தில் மற்றவர்கள் பேசும் சபைக்கே தலைவரானார். பரிசைவிட இது சின்ன விஷயம் இல்லை.

*6. இதெல்லாம் நமக்கு எதற்கு?*

லேசர் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. திருநெல்வேலி ரோட்டோரம் குழி தோண்டிப் பதிக்கும் இன்டர்நெட் கண்ணாடி இழைக்குள் ஓடுவது லேசர்தான். கடையில் சோப்பு டப்பாவைக் காட்டினால் 'பீப்' என்று விலை சொல்லும் கருவிகளில் பலவற்றிலும் அது இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் மறுபடி மங்கினால் டாக்டர் ஒரு நொடியில் சரிசெய்வதும் லேசரால்தான். நம் உறவினர்களிலேயே பலர் அதனால் பேப்பர் படிக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுமட்டுமல்ல. பணியில் இருந்த காலத்தில் ஓர் அறிவியல் கண்காட்சியில் பார்த்தேன். ஊர், பள்ளி வேண்டாம். பீடி சுற்றும் வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி, அட்டைப்பெட்டியும் கண்ணாடித் துண்டும் வைத்துத் தானே ஒரு பெரிஸ்கோப் செய்திருந்தாள். அதிகாரிகள் வந்தபோது மேசைக்கு முன்னால் நின்று விளக்கியது வேறொரு பையன். அவன் ஆங்கிலம் நன்றாகப் பேசுவான் என்று காரணம் சொன்னார்கள். அவள் பின்னால் நின்று அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 1957 ரோசெஸ்டர் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் வரும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் கல்லூரியில் துறைத்தலைவர்கள். சிலர் பெரிய கம்பெனிகளில் கூட்டம் நடத்துகிறவர்கள். கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வேலையைச் செய்தவனே பேசட்டும். திக்கினாலும் பரவாயில்லை, தமிழில் பேசினாலும் பரவாயில்லை. 'நீ இன்னும் மாணவன்தானே' என்ற சொல்லுக்கு விலை எவ்வளவு என்று இப்போது பார்த்துவிட்டீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை, குறிப்பாகப் பெண் பிள்ளை, சென்னையிலோ பெங்களூரிலோ கருத்தரங்கு இருக்கிறது, மூன்று நாள் போய்வர வேண்டும் என்று கேட்டால், 'அங்கே போய் என்ன ஆகப்போகுது' என்று சொல்லிவிடாதீர்கள். பஸ் செலவைப் பார்க்காதீர்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நீங்களே கூடப் போங்கள். அங்கே யாரோ ஒருவர் 'இது முடியாது' என்று சொல்வார், நம் பிள்ளை கேட்டுக்கொண்டு வந்து அளந்து பார்ப்பாள். அல்லது நம் பிள்ளை எழுந்து ஒரு கேள்வி கேட்பாள். எதிலிருந்து எது பிறக்கும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

வாசித்தவர்கள், உங்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கீழே எழுதுங்கள். ஒளியைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சார்பில் நீங்கள் கேட்க வேண்டாம்.

அனைவருக்கும் அன்பும் ஆசியும்.